மருத்துவர் பதில்கள்: பால்குடி மறக்கடிக்கும் நாட்களில் தாயின் உடல்நலம்

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம் ஆகிறது. பகலில் மூன்று முறையும் இரவில் இரண்டு முறையும் தாய்ப்பால் குடிக்கிறான். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். வேப்பெண்ணெயை மார்பில் தடவினால் ஒரே நாளில் மறந்துவிடுவான் என்கிறார் என் மாமியார்; துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார் என் அம்மா. சென்ற வாரம் இரண்டு நாள் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சலே வந்துவிட்டது. மாத்திரை போட்டு நிறுத்தலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவும், அதன் பிறகு மற்ற உணவுகளோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரவும் பரிந்துரைக்கிறது. ஆகவே, வேலைக்குச் செல்வதற்காக முழுவதுமாக நிறுத்தியே தீர வேண்டும் என்பதில்லை. பகலில் மட்டும் நிறுத்திவிட்டு, காலையிலும் இரவிலும் கொடுத்துவரும் தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். இருப்பினும் நிறுத்துவதென்று நீங்கள் முடிவெடுத்திருந்தால், அதற்காக எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். இத்தனை மாதங்கள் கொடுத்ததன் பயன் உங்கள் மகனுக்குக் கிடைத்துவிட்டது.

சென்ற வாரம் உங்களுக்கு நேர்ந்ததன் காரணத்தைப் புரிந்துகொண்டால் வழி தானாகவே தெளிவாகும். மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதை ஒட்டியே அடுத்த சுரப்பு அமைகிறது. வெளியேறாமல் பால் தங்கினால், சுரப்பைக் குறைக்கும்படி மார்பகத்துக்குள்ளேயே ஒரு தடை ஏற்படுகிறது. ஆனால் அந்தத் தடை முழுமையாக வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். நீங்கள் ஐந்து வேளைப் பாலையும் ஒரே நாளில் நிறுத்தியதால், சுரப்பு பழைய அளவிலேயே இருக்க, வெளியேறும் வழி மட்டும் அடைபட்டது. பால் கட்டி, வீங்கி, காய்ச்சலில் முடிந்தது.

எனவே, ஒரு நேரத்தில் ஒரு வேளையை மட்டும் நிறுத்துங்கள். குழந்தை அவ்வளவாகத் தேடாத வேளையை, பெரும்பாலும் நண்பகல் வேளையை, முதலில் விட்டுவிட்டு, நான்கைந்து நாட்கள் மார்பு பழகிக்கொள்ள இடம் கொடுத்த பிறகு அடுத்த வேளையை விடலாம். தூங்குவதற்கு முன் குடிப்பதும் விடியற்காலையில் குடிப்பதும் கடைசியில் நிற்கட்டும். குழந்தைக்கு மிக நெருக்கமான வேளைகள் அவை. இப்படிச் செய்தால் மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடும். உங்களுக்கு இருக்கும் ஒரு மாதம் போதுமானது. தூங்கவைக்கும் பொறுப்பைச் சில நாட்களுக்குக் குழந்தையின் அப்பாவோ பாட்டியோ ஏற்றுக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இடையில் மார்பு கனத்து வலித்தால், இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி எடுங்கள். முழுவதும் வடித்துவிட்டால் உடல் அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு மீண்டும் சுரக்கும். பீய்ச்சுவதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான ஒத்தடமும், பிறகு துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும் இதமளிக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த முட்டைக்கோஸ் இலையை உள்ளாடைக்குள் வைப்பதும் பலருக்கு வலியைக் குறைக்கிறது. வலி பொறுக்க முடியவில்லையென்றால் பாராசிட்டமால் போதும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்க வேண்டாம், அதனால் பால் வற்றாது, நீங்கள்தான் சோர்ந்துபோவீர்கள்.

துணியால் இறுக்கிக் கட்டுவதை நான் உறுதியாக மறுக்கிறேன். அழுத்தத்தால் பால் நாளங்கள் அடைபட்டு அழற்சி உண்டாகலாம். தாங்கிப் பிடிக்கும், ஆனால் இறுக்காத உள்ளாடையே சரியானது. வேப்பெண்ணெயும் வேண்டாம், அது சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் சென்றால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. குழந்தையை அச்சுறுத்தி மறக்கடிப்பதை விட, கேட்கும்போது அணைத்துக்கொண்டு, வயிறு நிறைய உணவு கொடுத்துப் பழக்குவதே நல்லது. ஒரு வயது கடந்துவிட்டதால் பவுடர் பாலோ பால் புட்டியோ தேவையில்லை. பருப்புச் சோறு, முட்டை, கீரை, பழங்கள் ஆகியவற்றோடு, பசும்பாலைக் காய்ச்சி டம்ளரில் கொடுங்கள்.

உங்கள் நிலையில் மாத்திரை தேவையில்லை. பால் வற்றுவதற்காக முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின், இரத்த அழுத்தம், வலிப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகளின் காரணமாக அமெரிக்காவில் 1994-இல் இந்தப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடியதன்று அது.

மார்பின் ஒரு பகுதி சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த நேரத்தில் பால் கொடுப்பதையோ பீய்ச்சுவதையோ சட்டென்று நிறுத்தினால் சீழ்க்கட்டி உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. நிறுத்திய பிறகு சில வாரங்கள், ஏன், சில மாதங்கள் கூடச் சொட்டுச் சொட்டாகப் பால் கசிவது இயல்பே. ஹார்மோன்கள் இறங்குவதால் மனம் சோர்ந்து அழுகை வரலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: என் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்துவிட்டது. அவள் படும் வேதனையைப் பார்க்க முடியவில்லை. மல்லிகைப் பூவைக் கட்டினால் வற்றும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தங்கைக்கு என் ஆழ்ந்த அனுதாபம். நஞ்சுக்கொடி வெளியேறியதும், குழந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடல் பாலைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இதை முன்கூட்டியே மருத்துவமனையில் சொல்லாமல் அனுப்பிவிடுவது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

மல்லிகை வெறும் நம்பிக்கையன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிரசவமான தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு மல்லிகைச் சரத்தை மார்பில் ஒட்டிவைத்தும், மற்றவர்களுக்குப் புரோமோகிரிப்டின் கொடுத்தும் பார்த்தார்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவு, மாத்திரையால்தான் கூடுதலாகக் குறைந்தது. ஆயினும் பால் வற்றுவதில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் மருந்து தெளிக்காத, சுத்தமான பூவாக இருந்தால் கட்டிப்பார்ப்பதில் தவறில்லை. முதல் கேள்விக்குச் சொன்ன குளிர் ஒத்தடமும் அளவாகப் பீய்ச்சுவதும் இவருக்கும் பொருந்தும். பெரும்பாலும் சில நாட்களில் வலி தணிந்துவிடும்.

விரைவில் வற்ற வேண்டுமென்று அவர் விரும்பினால், கபெர்கோலின் என்ற மாத்திரையை மகப்பேறு மருத்துவர் தரலாம். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் இருந்திருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை. சில தாய்மார்கள் சிறிது காலம் பாலைத் தானமாகக் கொடுக்க விரும்புவதும் உண்டு. தமிழகத்தின் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. ஆனால் இதை உறவினர்கள் அவர்மீது திணிக்கக் கூடாது. அவரே கேட்டால் மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.