முன்பே யாரோ செய்திருந்தால் காப்புரிமை செல்லுமா?

கேள்வி: ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அதே மாதிரி ஒன்றை வேறொருவர் பல வருடங்களுக்கு முன்பே செய்து பயன்படுத்தியிருக்கிறார். விற்கவில்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. இது கணக்கில் வருமா?

பதில்: வரும், ஆனால் நாலு பேர் பார்க்கிற மாதிரி பயன்படுத்தியிருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் செய்து பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் எடுபடாது.

பிரிட்டனில் 1980களில் நடந்த விண்ட்சர்ஃபிங் வழக்கைப் பாருங்கள். தண்ணீர்மேல் நின்றபடியே, படகில் இருப்பது போன்ற காற்றுப் பாயைப் பிடித்து ஓட்டும் பலகைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட, எதிர்த்தரப்பு 1958-க்குப் போய்விட்டது. அந்த வருடம் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் தானே ஒரு பலகை செய்து, எல்லோர் கண்ணெதிரிலும் ஓட்டியிருக்கிறான். காப்புரிமையில் இருந்தது வில் போல வளைந்த பிடிகழி (பாயைக் கையால் பிடித்துக்கொள்ளும் கழி), பையனுடையது நேர்க்கழி. ஆனால் காற்றுப் பிடித்ததும் அதுவும் வளைந்துகொடுத்தது. காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது.

சரி, எல்லா நாட்டிலும் இப்படியா? இல்லை. அமெரிக்காவில் 2013 வரை, வெளிநாட்டில் ஒன்று புழக்கத்தில் இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது, அது அச்சில் வந்திருக்க வேண்டும். காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995-இல் அங்கே கொடுத்த காப்புரிமையை எதிர்த்த நம் நாட்டு அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர், வீடு வீடாகப் பூசுகிறோம் என்று சொல்லிப் பயனில்லாததால் பழைய ஆவணங்களைத் தேடித் தேடிக் கொடுத்தது, 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை உட்பட. 1997-இல் அது ரத்தானது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதை எழுதி வைக்கவில்லை என்பதற்காகவே இல்லாததாக நினைத்தது அநியாயம். அந்த விதி மாறியது நல்லதுதான்.

நீங்கள் முதலில் காப்புரிமையின் கோரிக்கைப் பகுதியை, அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதியை, வரிவரியாகப் படியுங்கள். அதில் சொன்ன ஒவ்வொரு அம்சமும் அந்தப் பழைய கருவியிலேயே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ‘இது புதிதல்ல’ என்ற வாதம் நிற்காது, ‘துறை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான்’ என்று வாதாட வேண்டிவரும், அது இன்னும் கஷ்டம். அப்புறம் தேதி. விண்ணப்பத்துக்கு முந்தைய தேதியுள்ள புகைப்படம், கடிதம், நேரில் பார்த்தவர் சாட்சி என்று எது கிடைத்தாலும் சேருங்கள். செய்தவரின் ஞாபகத்தை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள்.