ஃபேனை நிறுத்தச் சொன்ன அப்பா

கேள்வி: என் அப்பா திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் டி.எம்.எஸ். பாட்டுகள் பாடியவர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் வீட்டில் பாடிப் பதிந்த கேசட் நான்கு இருக்கிறது. தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். "தாத்தா குரல் பத்து நிமிஷம் இருந்தால் போதும், ஏஐயில் கொடுத்து அவரே வாழ்த்துப் பாடுகிற மாதிரி செய்துவிடலாம். பாட்டிக்குச் சொல்ல வேண்டாம், மண்டபத்தில் திடீரென்று போடலாம்" என்கிறான் மகன். ஆசையாகவும் இருக்கிறது, உறுத்தலாகவும் இருக்கிறது. ஒரு கேசட்டில் பாட்டுக்கு நடுவே, "ஏய், அந்த ஃபேனை நிறுத்து" என்று அப்பா அதட்டுவதுகூடக் கேட்கும். செய்யலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம்தான் கொண்டுவந்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்துத்தான் செய்ததாகச் சொன்னார். உங்கள் வீட்டில் அந்த அனுமதியைத் தர வேண்டியவர் அம்மா. அவரிடமே மறைக்கப் பார்க்கிறீர்களே! மண்டபத்தில், சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது புருஷன் குரல் ஸ்பீக்கரில் வந்தால், ஒதுங்கி நின்று அழக்கூட அவருக்கு ஓர் இடம் கிடைக்காது. முதலில் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

சரி என்றால், என்ன கிடைக்கப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையில் பெரும்பாலும் வேறொருவர் அந்தப் பாட்டைப் பாட வேண்டும், ஒருவேளை உங்கள் மகனே. மென்பொருள் அவன் குரலின் நாதத்தை எடுத்துவிட்டு, அப்பாவுடையதை வைக்கும். ஆனால் மூச்சு விடுகிற இடம், எழுத்தை இழுக்கிற விதம், மேலே போகும்போது கொடுக்கிற அழுத்தம் எல்லாம் பாடியவனுடையதாகவே இருக்கும். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பேரன் வந்து நிற்கிற மாதிரி. அதுவும் அழகுதான், கல்யாண வீட்டில் ஒரு பேரன் செய்யக்கூடியதுதான். அதை அப்பா பாடியதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. இப்படிக் குரலை எடுக்க ஒலி சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதலில் இரைச்சலை நீக்குவார்கள். ஃபேன் சத்தம் போய்விடும். "நிறுத்து" என்ற அதட்டல் பாட்டில்லை என்று அதையும் வெட்டிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அப்பாவைக் காட்டியதே அந்த ஒரு வரிதான். டி.எம்.எஸ். மாதிரி பாட ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். அந்த வீட்டில் அந்த ஃபேனை அதட்ட ஒருவர்தானே இருந்தார்?

அதனால் ஏஐ இருக்கட்டும், முதல் வேலை கேசட். அதன் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். உடைத்துவிடுங்கள், யாரும் தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், அந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லையென்றால், பிளேயரில் நாடா உரசும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகு போடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். 90 நிமிடக் கேசட்டுகள் என்றால் நான்கும் சேர்ந்து ஆறு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பாட்டு எப்போது பாடியது என்று அவருக்குத்தான் தெரியும்.

1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் "மை நேம் ஈஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்களுக்கு யார் குரல் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நீங்களும் அதைச் செய்யுங்கள். ஏஐ பாட்டின் கோப்புப் பெயரிலேயே "பேரன் பாடியது, தாத்தா குரலில், ஏஐ" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து, உங்கள் பேத்தி அதைத்தான் கொள்ளுத்தாத்தா பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்புறம், அசல் கோப்பில் ஃபேன் சத்தத்தைத் துடைக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.