போயிட்டு வாறேன்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்ததால் எங்கள் ஊரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு ஏழு மாதமாகச் சனிக்கிழமைதோறும் போகிறேன். மதியம் வந்தால் ஐந்தரை வரை இருப்பேன்.

அங்கே 88 வயதில் ஒரு பாட்டி இருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவருடைய மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முதலில் நான் அவளில்லை என்று சொல்லிப் பார்த்தேன், அழுதுவிட்டார். இப்போது பேசாமல் போய் உட்கார்ந்துகொள்கிறேன். "அனங்காம இரி" என்று சொல்லி என் தலையைப் பிடித்து இழுத்துப் பின்னிவிடுவார். வேறு எதுவும் நினைவில்லாதவருக்குப் பின்னல் மட்டும் ஒரு பிரி தவறாமல் வருகிறது. நான் அவரை ஏமாற்றுகிறேனோ என்று இருக்கிறது. கொஞ்ச நாளாக "ரெண்டு சக்கரம் தா மக்ளே" என்று கேட்கிறார். எந்த வண்டிச் சக்கரம் என்று யாருக்கும் புரியவில்லை. போன மாதம் ஏத்தம்பழம் வாட்டிக்கொண்டு போனேன். சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார்.

திட்டத்துக்காகச் செய்ய வேண்டிய 240 மணி நேரமும் இந்த மாதத்தோடு எனக்கு முடிகிறது. பரீட்சையும் வருகிறது. 'கைவிடப்பட்டவர்கள்' என்று தலைப்பிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசி நாளில் சொல்லிக்கொண்டு கிளம்பினால் பாட்டி அழுவார் என்பதால், சொல்லாமலே நின்றுவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படியும் அவர் மறந்துவிடுவார் அல்லவா? நான் நினைப்பது சரியா அம்மா?

ஒரு மாணவி

---

அன்புள்ள மகளுக்கு,

நீ என்றே எழுதுகிறேன். என் மகளைவிடச் சின்னவள் நீ. உன் பெயரும் இல்லத்தின் பெயரும் வேண்டாமென்று கேட்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

முதலில் அந்தச் சக்கரத்தைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்ததும் அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டி கேட்பது வண்டிச் சக்கரம் இல்லை, காசு. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முன்பு நாமெல்லாம் திருவிதாங்கூர்க்காரர்கள். அந்த ராஜ்ஜியத்துக்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 28 சக்கரம் சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது உன் பாட்டிக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது இருந்திருக்கும். அப்படியென்றால் ரெண்டு சக்கரம் கேட்பவர் அதற்கும் முந்திய வயதில் நிற்கிறார். அம்மாவிடமோ அக்காவிடமோ காசு வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிற வயது. மறதி நோயில் கடைசியாக வந்து சேர்ந்தது முதலில் போய்விடும், சின்ன வயதில் உள்ளே போனது கடைசிவரைக்கும் கிடக்கும். இன்று காலையில் என்ன தின்றோம் என்று அவருக்குத் தெரியாது. ரெண்டு சக்கரத்துக்கு என்ன கிடைக்கும் என்பது தெரியும். அடுத்த முறை கேட்டால் "எதுக்கு பாட்டி, என்ன வாங்கப் போறீங்க?" என்று கேள். இன்னொன்றும் செய்து பார். உங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னால் பாட்டி எந்த மொழியில் எண்ணுகிறார் என்று கவனி. மலையாளத்தில் எண்ணினால் சிஸ்டரிடமும் சொல்லிவை. இனி வரும் நாட்களில் அவருக்கு அந்தப் பேச்சு சட்டென்று பிடிபடலாம்.

அப்புறம் மகள் பெயர். நீ ஏமாற்றவில்லை. "நான்தான் உங்க மக" என்று நீயாகச் சொல்லிக் கிளப்பினால்தான் தப்பு. அவர் கூப்பிட்டால் நீ வருகிறாய், அவ்வளவுதானே. அதைத் திருத்தப் போய் ஏற்கெனவே ஒருமுறை அழ வைத்துவிட்டாய். திருத்தவும் வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். அந்த மகளைப் பற்றிக் கேள். அவளுக்கு முடி நிறைய உண்டா, பின்னும்போது அழுவாளா, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போவாள் என்றெல்லாம் கேள். பேச்சு தன்னால் ஓடும். உன் தலையைப் பின்னுகிற அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வாரத்தில் அவர் ஒருத்தருக்குச் செய்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் அவருக்கு மற்றவர்கள் செய்கிறார்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது எல்லாமே. அந்த வாழ்க்கை எவ்வளவு பெரிய பாரம் என்று உனக்கும் எனக்கும் இன்னும் தெரியாது. அதனால் தலையைக் கொடு. இழுத்தால் வலிக்கும், வலிக்கட்டும்.

ஏத்தம்பழ விஷயத்தில் நான் சிஸ்டர் பக்கம். எல்லார் முன்னாலும் திட்டியிருக்க வேண்டாம்தான். ஆனால் வயதாகி மூளை தளரும்போது விழுங்குகிற பழக்கமும் தளர்கிறது. வாயில் வைத்தது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, அதிலேயே போனவர்கள் உண்டு. சர்க்கரை வேறு யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எதையும் கேட்டுவிட்டுக் கொடு. கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடு.

உன் அறிக்கையின் தலைப்பை மாற்றிவிடு, மகளே. இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் நர்ஸ் வேலைக்கும் போகாத பிள்ளைகள் உள்ள தெரு எது? அம்மாவுக்குக் கட்டின பெரிய வீடு பூட்டிக் கிடக்கும், அம்மா இல்லத்தில் இருப்பார், மகன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீடியோ காலில் அழுவான். இதைக் கைவிடுதல் என்று எழுதலாமா? உண்மையாகவே கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பார்த்துக்கொள்வாய் என்று நம்பி வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது நடக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அப்படி யாராவது உன்னிடம் சொன்னால், நீயாக எதிலும் இறங்காமல் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சித்தியை இல்லத்தில் சேர்த்தவள் நான்.

ஈத்தாமொழி பக்கம் கயிறு திரித்து என்னை வளர்த்தவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பக்கம் வாதம் வந்து விழுந்தபோது எனக்கு வேலை திருநெல்வேலியில். வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தேன், நான்கு மாதத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். கடைசியில் தக்கலைக்குப் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்தேன். நல்ல இல்லம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

அங்கே சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் சித்தியோடு ஒட்டிக்கொண்டாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. சித்தி சொல்லித்தான் தெரியும். மூன்று மணிக்கு வருவாளாம், "வல்லதும் தின்னியா சித்தி" என்று கேட்பாளாம். ஒரு கை விளங்காத சித்தி, விளங்குகிற கையால் நாரை எப்படிப் பிரித்து முறுக்குவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். கிளம்பும்போது "போயிட்டு வாறேன்" என்பாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது சித்தி கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாயந்தரச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று வேலை பார்க்கும் அக்கா சொன்னார். உடுத்திருந்த முண்டுத் துணியை மாற்றிவிடலாமென்று பிடித்தேன். நுனியில் ஒரு முடிச்சு. இறுக்கி முடிந்து, எச்சில் வைத்து நனைத்திருந்தாள். நகத்தால் கெல்லி அவிழ்த்தேன். உள்ளே பாதி பாதியாக மேரி பிஸ்கட், ஐந்தோ ஆறோ துண்டு. சில துண்டு உதிர்ந்து மாவாகியிருந்தது. அதற்குள்ளிருந்து எறும்பு என் விரலில் ஏறியது. சாயாவோடு தருகிற பிஸ்கட்டில் பாதியைச் சனிக்கிழமைதோறும் அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். அவள் வருவது நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து சனிக்கிழமையும் இரண்டு மணிக்கே முகம் துடைத்துவிடச் சொல்லி, துவைத்த முண்டு கேட்டு, கேட்டைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்திருந்திருக்கிறாள். கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை வந்திருக்கலாம். மணி நேரம் முடிந்திருக்கலாம். சொன்னால் அழுவாள் என்று உன்னைப் போலவே நினைத்திருக்கலாம். நல்ல பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். கெட்ட பெண்ணுக்காக யாரும் பிஸ்கட் எடுத்து வைப்பதில்லை. ஆனால் எனக்கு இன்றுவரை அவள்மேல் வருத்தம் உண்டு.

நம் பேச்சில் "போறேன்" என்று சொல்லிக்கொண்டு யாரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. வாயில் தானாக "போயிட்டு வாறேன்" என்றுதான் வரும். நமக்கு அது வெறும் பழக்கம். இல்லத்தில் கட்டிலில் இருப்பவருக்கு அது நாள் குறித்த சொல். அங்கே வேறு என்ன இருக்கிறது? காலைச் சாயாவுக்குக் காத்திருப்பது, குளிக்க முறை வரக் காத்திருப்பது, மருந்துக்கு, விளக்கு அணைக்க. அதற்கு நடுவில் நீ ஒரு சனிக்கிழமையை உண்டாக்கிவிட்டாய். ஏழு மாதமாக அதை நட்டு வளர்த்திருக்கிறாய். இப்போது சொல்லாமல் நின்றால், நீ வராத சனிக்கிழமையும் அவருக்குச் சனிக்கிழமையாகவே இருக்கும்.

மறந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். நீ வந்ததை மறப்பார், உன் முகத்தை மறப்பார், சரி. ஆனால் நடந்தது மறந்த பிறகும் அதனால் வந்த மனசு அப்படியே நிற்கும். எதற்கென்று தெரியாமலே சந்தோஷமாக இருப்பார்கள், எதற்கென்று தெரியாமலே வெப்ராளப்படுவார்கள், மனசு கிடந்து தவிக்கும். காரணம் தெரியாத வெப்ராளம் இன்னும் மோசம், ஆறுதல் சொல்ல வழியே இல்லை.

அதனால் சொல். ஒரே நாளில் சொல்லாதே. இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கிறதல்லவா, மூன்றிலும் சொல். "எனக்குப் பரிச்சை பாட்டி, இனி கொஞ்ச நாள் வர முடியாது" என்று, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பைய. அழுதால் அழட்டும், நீ பக்கத்தில் இருக்கும்போதுதானே அழுகிறார். வேலை பார்க்கும் அக்காவிடமும் சொல்லிவை. நீ போன பிறகு உன்னைக் கேட்டால் பதில் சொல்ல ஒருத்தர் வேண்டும். சித்தி கேட்டபோது பதில் தெரிந்தவர் அங்கே ஒருத்தரும் இல்லை.

ஐந்தரைக்குக் கிளம்புவதையும் மாற்று. அந்தி சாயும் நேரத்தில் இவர்களுக்குப் பதற்றம் கூடும், வீட்டுக்குப் போகணும் என்று எழுந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவதைப் பார்க்க வைக்காதே. நாலு மணிச் சாயா வரும்போது கிளம்பு. கையில் டம்ளர் இருக்கும், கவனம் அதில் இருக்கும்.

பரீட்சை முடிந்த பிறகு வர முடியுமா என்று நீதான் யோசிக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முடியும் என்றால் அது போதும், ஆனால் அந்த ஒன்று தவறக் கூடாது. முடியாது என்றால் முடியாது. அதற்காக நீ குற்றவாளி இல்லை. சான்றிதழுக்காகத்தான் போனேனோ என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளவும் வேண்டாம். எதற்காகப் போனாய் என்று பாட்டி கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலிருப்பது ஒன்றைத்தான் செய்யாதே என்கிறேன்.

சித்தியின் தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. கயிறு விற்ற கணக்குச் சீட்டுகளுக்கு அடியில் சங்கு முத்திரை போட்ட பழைய செம்புச் சக்கரம் சில கிடக்கிறது. இந்த வாரம் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமை காலேஜ் விட்டதும் தக்கலை பஸ்ஸில் ஏறு, ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணு, சாயா குடித்துவிட்டுப் போகலாம். சனிக்கிழமை பாட்டி கேட்டால் அவர் உள்ளங்கையில் ரெண்டை வை. வாயில் போட்டுவிடாமல் பக்கத்திலேயே இரு, முன்கூட்டியே சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. திருப்பித் தர வேண்டாம். என்ன வாங்கப் போகிறார் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா