ஓடைக் கல்லை நகர்த்தலாமா?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஓடை ஒன்றில் குடும்பத்துடன் குளித்தோம். சோப்பு, ஷாம்பு எதுவும் பயன்படுத்தவில்லை. சீயக்காய்த் தூள் மட்டுமே. பிள்ளைகள் கற்களை அடுக்கிச் சிறிய அணை கட்டினார்கள். வனக்காவலர் இரண்டுமே கூடாது என்று கண்டித்தார். இதனால் ஓடைக்கு என்ன கேடு வந்துவிடும்?
– வாசகி, ராஜபாளையம்

பதில்: வனக்காவலர் கண்டித்தது சரியே, அதிலும் கற்களைப் பற்றி அவர் சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மலை ஓடையின் பூச்சிகளில் பெரும்பாலானவை கற்களின் மேலும் அடியிலும் இடுக்கிலும் குடியிருப்பவை. ஆய்வாளர்கள் நீரோட்டம் மிகுந்த இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கும்போது, தட்டையான உடலும் வயிற்றின் இருபுறமும் செவுள்களும் கொண்ட மேஃப்ளை இளம்பூச்சிகள் வெளிச்சம் பட்டவுடன் மறுபுறம் ஓடி ஒளியும்; பக்கத்திலேயே, கேடிஸ்ஃப்ளை என்னும் பூச்சியின் புழு தன் வாயில் சுரக்கும் பட்டு நூலால் மணல் துகள்களைப் பிணைத்துக் கட்டிய, அரிசி நீளமே உள்ள கூடு ஒட்டியிருக்கும். மேஃப்ளை சிறகு முளைத்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழ்கிறது; அதற்கு முந்தைய வாழ்வு முழுவதும் நீருக்குள், கல்லை நம்பியே கழிகிறது.

அந்தக் கல்லை எடுத்து அணையில் அடுக்கினால், மேற்பக்கம் ஒட்டியிருந்தவை வெயிலில் காய்ந்து சாகும். அடியில் இருந்தவை நீரோடு அடித்துச் செல்லப்படும். தேங்கிய நீரில், ஓடும் நீரின் ஆக்சிஜனுக்குப் பழகிய இனங்கள் மூச்சுத் திணறும். நூற்றுக்கணக்கானோர் இறங்கி நடக்கும்போது கலங்கும் வண்டல், கல்லிடுக்குகளை அடைத்துச் செவுள்களிலும் படிகிறது. இந்தப் பூச்சிகள் குறைந்தால், உதிர்ந்த இலைகளை அரித்து உண்ணும் வேலையும், மீன்களுக்கும் தவளைகளுக்கும் கிடைக்கும் இரையும் சேர்ந்தே குறைகின்றன.

சீயக்காய் இயற்கைப் பொருள் என்பதால் தீங்கற்றது என்று கொள்ள வேண்டாம். அதில் நுரையை உண்டாக்கும் சப்போனின், செவுளால் மூச்சுவிடும் உயிர்களுக்கு நஞ்சு. சப்போனின் மிகுந்த காய்களையும் பட்டைகளையும் நசுக்கி நீரில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கமே உண்டு. சப்போனின் நீரின் பரப்பு இழுவிசையையும் குறைப்பதால், நீர்மேல் நிற்கும் நீண்ட கால் பூச்சிகள் அமிழ்ந்துவிடுகின்றன. குற்றாலத்தில் சோப்பும் எண்ணெயும் தடை செய்யப்பட்டிருப்பது நல்லதே. ஆனால் அந்தத் தடை மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. மேல்நீரோட்டம் தீண்டப்படாமல் இருந்தால், அங்கிருந்து மிதந்து வரும் புழுக்களும், பறந்து வந்து முட்டையிடும் பூச்சிகளும் கெட்ட இடத்தை மீட்டுவிடும். ஆகவே குளிப்பதற்கென ஓரிடத்தை ஒதுக்கி, அதற்கு மேலே எவரும் இறங்காதபடி பார்த்துக்கொள்வதே தேவையான ஏற்பாடு. அருவிக்கு மேலே ஏறிச் செல்ல ஆசைப்படுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஓடையோர விடுதியில் மாலை நேரத்தில், எங்கள் கறுப்புக் காரின் கூரைமேல் சிறு பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கின. காரணம் என்ன?
– வாசகர், சேலம்

பதில்: அவை மேஃப்ளையாக இருக்கலாம். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகவே அதிர்கிறது; அதை அடையாளமாகக் கொண்டே இவை ஓடையைக் கண்டுபிடிக்கின்றன. கறுப்புக் காரும் தார்ச்சாலையும் அதேபோல ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அவற்றை நீர் என்று எண்ணி முட்டையிட்டுவிடுகின்றன. அந்த முட்டைகள் காய்ந்து வீணாகும். இந்த ஏமாற்றத்தை ஹங்கேரியில் ஆய்வாளர்கள் தார்ச்சாலையிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வாகனங்களைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்துவதும், கரையோரம் வெள்ளை விளக்குகளைத் தவிர்ப்பதும் விடுதி நடத்துவோர் உடனே செய்யக்கூடியவை. தாங்களும் அறை எடுக்கும்போதே இதை வலியுறுத்திக் கேட்கலாம்.