கரிந்த சுருளைப் படித்த கிரேக்கப் பேராசிரியர்

கேள்வி: பின்லாந்து எங்கே, பண்டைக் கிரேக்கம் எங்கே? அந்த நாட்டில் கிரேக்கத்துக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் எவரேனும் உண்டா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: ஒருவரல்லர், பலர் உண்டு. பின்லாந்தின் முதல் பல்கலைக்கழகம் 1640இல் துர்க்கு நகரில் தொடங்கப்பட்டது. 1827இல் அந்நகரைத் தீ விழுங்கியபோது பல்கலைக்கழக நூலகமும் எரிந்துபோக, மறு ஆண்டே அது ஹெல்சிங்கிக்கு இடம் மாறியது. ஹெல்சிங்கி என்றதும், சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது பெற்ற அஸ்கோ பர்ப்போலாதான் நமக்கு நினைவுக்கு வருவார். அதே பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த யாக்கோ ஃப்ரோசேனை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்பதால், அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

1974இல் வெளிவந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளின் கிரேக்கத்தைப் பற்றியது. மக்கள் வழங்கிய பொதுக் கிரேக்கம் ஒருபுறம், பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏதென்சு நடையை விடாப்பிடியாகப் பின்பற்றிய புலவர் கிரேக்கம் மறுபுறம் என்று இரண்டும் அக்காலத்தில் அருகருகே நின்றன. பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்றே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு அவர் நைல் கரைக் கோரையைச் சீவி ஒட்டிச் செய்த பாப்பிரஸ் தாள்களின் பக்கம் திரும்பினார். எகிப்தின் புபாஸ்திஸில் கிடைத்த கரிந்த பாப்பிரஸ்களை, ஜெர்மானிய அறிஞர் டீட்டர் ஹாகெடோர்னுடன் சேர்ந்து 1989இல் பதிப்பித்தார். அந்தக் கைப்பழக்கம் சில ஆண்டுகளிலேயே பெரிய அளவில் தேவைப்பட்டது. 1993 டிசம்பரில், ஜோர்டானின் பெட்ரா நகரில் பைசாந்தியக் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) காலத் தேவாலயம் ஒன்றை அகழ்ந்தவர்கள், அதை ஒட்டிய அறையில் சுமார் 140 சுருள்கள் கரிக்கட்டைகளாகக் கிடப்பதைக் கண்டார்கள். அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை ஃப்ரோசேன் தலைமையிலான பின்லாந்துக் குழுவுக்கு வந்தது. படித்துப் பதிப்பிக்கும் பொறுப்பை ஹெல்சிங்கியும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் பகிர்ந்துகொண்டன. 1997 முதல், பெட்ராவுக்கு அருகிலுள்ள ஆரோன் மலையின் மடாலயத்தை அகழ்ந்த பின்லாந்துக் குழுவுக்கும் அவரே தலைவராக இருந்தார்.

கேள்வி: எரிந்த தாள் சாம்பலாகிவிடாதா? அதில் எழுத்து எப்படி மிஞ்சும்? (கல்லூரி மாணவி, குன்னூர்)

பதில்: கரி மூட்டம் போடுவதை நீங்கள் பார்த்திருந்தால் பாதி விடை தெரிந்திருக்கும். காற்றுப் புகாமல் மூடிவைத்து எரிக்கும் விறகு சாம்பலாவதில்லை, கரியாகிறது. தேவாலயம் எரிந்தபோது இடிபாடுகளுக்கு அடியில் சிக்கிய சுருள்களுக்கும் அதுவே நேர்ந்தது. கரி ஆனதால்தான் அவை மக்காமல் 1,300 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. பெட்ராவின் மழை ஈரத்தில் சாதாரணத் தாள் அத்தனை காலம் தாங்கியிருக்காது.

மிஞ்சிய பாதிதான் கடினம். தொட்டால் நொறுங்கும் கரியை, ஒவ்வொரு படலமாகப் பிரித்து, மெல்லிய தாளில் ஒட்டி, எது எதற்கு அடுத்தது என்று குறித்துவைக்க வேண்டும். வரிசை குழம்பினால் வாக்கியம் குழம்பும். தாளும் கறுப்பு, மையும் கறுப்பு. ஆயினும் இரண்டும் மினுங்கும் விதம் வேறு. பனிக்காலக் காலையில் குளிர்காய மூட்டிய நெருப்பில் முழுவதும் எரியாமல் கிடக்கும் செய்தித்தாளைச் சற்றே சாய்த்துப் பார்த்தால், கரிந்த பரப்பில் அச்செழுத்து தனியே தெரிவதைக் காணலாம். அவர்களும் வெளிச்சத்தின் கோணத்தை மாற்றி மாற்றித்தான் பார்த்தார்கள். ஐந்து தொகுதிகளும் வெளிவர 2002 முதல் 2018 வரை ஆயிற்று.

கேள்வி: இத்தனை பாடுபட்டுக் கிடைத்தது ஹோமரின் காவியமா, நாடகமா? (வாசகர், கூடலூர்)

பதில்: இரண்டும் இல்லை, பத்திரங்கள். திருமண ஒப்பந்தம், நில விற்பனை, வரிப் பொறுப்பு மாற்றம், வாரிசுத் தகராறு என்று கி.பி. 537 முதல் அந்த நூற்றாண்டின் இறுதி வரை எழுதப்பட்டவை. தேவாலயத்தில் உயர்பதவி வகித்த தியோடோரஸ் என்பவரின் குடும்பத்தைச் சுற்றியே பெரும்பாலானவை அமைந்துள்ளன. உங்கள் கேள்வியில் தொனிக்கும் ஏமாற்றம் எனக்கு இல்லை. காவியத்தைக் காப்பாற்றப் புலவர்கள் பலர் இருந்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பெரும்பாலும் தற்செயல்தான் காப்பாற்றுகிறது.

பாஸ்ஸோஸ், எபிபானியோஸ், சபினோஸ் என்னும் மூன்று சகோதரர்கள் சொத்தைப் பங்கிட்டுக்கொண்ட பத்திரம் ஒன்று அவற்றில் உண்டு. எழுத்து கிரேக்கம், சட்டம் ரோமானியம். ஆனால் அங்குள்ள வீடுகளுக்கும் நிலங்களுக்கும் மக்கள் வைத்த பெயர்களில் பல அரபு. இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே அங்கே புழங்கிய அரபுச் சொற்கள் கிரேக்க எழுத்தில் இப்படிப் பதிவாகிவிட்டன. நீலகிரியின் பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்: வாசகம் தமிழில் ஓடும், நான்கு எல்லை சொல்லும் இடத்தில் ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரும் காட்டின் பெயரும் படுகு மொழியில் நிற்கும்.