செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் காசு கொடுத்து வாங்கிய சோபாவை நான் விற்கலாமா? அது என் சொத்துதானே?

விற்க முடியுமா என்பதை அந்த சோபாவே காட்டிவிடும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து எடிட் திறந்து பாருங்கள். நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று மூன்று அனுமதிகள் இருக்கும். மூன்றாவது இல்லையென்றால் அது உங்கள் கணக்கை விட்டு வெளியே போகாது. மூன்றுமே இருந்தாலும் அவசரப்படாதீர்கள். ‘அப்படியே மறுவிற்பனை செய்யக்கூடாது’ என்று வடிவமைத்தவர் தனிக் குறிப்பு வைத்திருப்பது சகஜம். அதைக் கட்டாயம் படியுங்கள், அது ஒருவரின் பல நாள் உழைப்பு.

சொத்தா என்றால், பெரும்பாலும் இல்லை. உருவாக்கியவருக்கே பதிப்புரிமை என்று செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் 2003-லேயே அறிவித்துவிட்டது. உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அங்கே புழங்கும் லிண்டன் டாலரும் அப்படித்தான். விதிமுறைகளின்படி அது பணமே அல்ல.

அங்கே மெய்நிகர் நிலம் வாங்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை, ஏலத்தில் குறுக்கு வழியில் நுழைந்தார் என்று நிறுவனம் முடக்கியது. அவர் 2006-இல் வழக்குப் போட்டார். தகராறுகளை நடுவர் மன்றத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற விதி நியாயமற்றது என்று 2007-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலம் யாருடையது என்று தீர்ப்பு வருமுன் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

நெதர்லாந்து உச்ச நீதிமன்றமோ, ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் ஒரு சிறுவனை மிரட்டிப் பறித்த தாயத்தும் முகமூடியும் திருடக்கூடிய பொருள்களே என்று 2012-இல் தீர்ப்பளித்தது. அது இன்னொரு ஆட்டக்காரர் பறித்த வழக்கு. நிறுவனமே கணக்கை மூடினால் இந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பி விற்பனையில் இறங்காதீர்கள்.