மோட்டார்ஹோம் பின்னாடி மைவியை இழுத்துட்டு போகணுமா? முதல்ல கியர்பாக்ஸைப் பாருங்க

பினாங்கு ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கார். ரிட்டையர் ஆனதும் பழைய 3 டன் லோரியை வாங்கி மோட்டார்ஹோமா மாத்தியிருக்கார், கார்டுல பிடிஎம் (சுமையோட சேர்த்து மொத்த எடை) 5000 கிலோ. போற ஊர்ல பெரிய வண்டியை ஓரமா நிறுத்திட்டு பசாருக்கும் கோயிலுக்கும் போக சின்ன காடி வேணும்னு வீட்டுல சொல்றாங்களாம். 2019 மைவி ஆட்டோ கையில இருக்கு. அமெரிக்காக்காரங்க வீடியோவுல காரை ஒரு டோ பார்ல மாட்டி நாலு சக்கரமும் ரோட்டுல உருள இழுத்துட்டு போறாங்களே, அதையே ஆன்லைன்ல வாங்கிடவா, எந்த பிராண்ட் நல்லதுன்னு கேள்வி.

அண்ணே, அந்த டோ பாரை வாங்காதீங்க. புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர் ரெண்டுமே நல்ல சாமான்தான், பிரச்சனை உங்க மைவியோட கியர்பாக்ஸ்ல. அந்த மைவியில இருக்கறது 4 ஸ்பீடு ஆட்டோ. அதுக்குள்ள எண்ணெயைச் சுத்த விடற பம்ப் இன்ஜின் ஓடினாத்தான் ஓடும். இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போட்டு இழுத்தா முன்சக்கரம் உருள உருள உள்ள பல்சக்கரமெல்லாம் சுத்திட்டே இருக்கும், ஆனா எண்ணெய் மேல வராது, அப்படியே பட்டர்வொர்த்ல இருந்து தாப்பா வரைக்கும் இழுத்தா கியர்பாக்ஸ் சூடாகி உள்ளேயே தேஞ்சு போயிடும், வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. நியூட்ரல்ல போட்டா எல்லாம் கழண்டுக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. புது மைவி, அத்திவா கார்ல வர்ற சிவிடிக்கும் (பெல்ட்ல ஓடற ஆட்டோ கியர்பாக்ஸ்) இதே கதைதான், பெல்ட்டைப் பிடிச்சிருக்கற பிரஷரே பம்ப்ல இருந்துதான் வருது.

அப்போ அமெரிக்காவுல எப்படி முடியுது? அங்க இதுக்குன்னே பார்த்து கார் வாங்கறாங்க. ஜீப் ராங்லர்ல டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரத்துக்கு சக்தியைப் பிரிச்சு விடற பெட்டி) நியூட்ரல்ல போடலாம், சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே இருக்காது. 2014 வரைக்கும் வந்த ஹோண்டா சிஆர்வி ஆட்டோவை நாலு சக்கரத்துல இழுக்கலாம்னு அங்க கார் புத்தகத்துலயே போட்டிருந்துச்சு. நீங்களும் உங்க கார் புத்தகத்துல இழுக்கறதைப் பத்தின பக்கத்தை எடுத்துப் படிங்க, அதுல என்ன இருக்கோ அதுதான் கடைசி வார்த்தை, நான் சொல்றதோ வொர்க்‌ஷாப்காரர் சொல்றதோ இல்ல.

இன்னொண்ணு, டோ பார் மாட்ட காரோட முன்பக்கம் பம்பருக்குள்ள ஒரு பேஸ் பிளேட், அதாவது டோ பாரைப் பிடிக்கற இரும்புத் தகடு, போல்ட் பண்ணணும். ஜீப்புக்கு ரெடிமேடா கிடைக்கும். மைவிக்குன்னா இங்க யாராவது இரும்பை வெட்டி வெல்டிங் பண்ணித்தான் தரணும், ஒரு டன் காரை மணிக்கணக்கா இழுத்து, பிரேக் போடும்போதெல்லாம் தள்ளு வாங்கற இடத்துல அந்த மாதிரி வேலையை நான் நம்ப மாட்டேன். முன்னாடி திருகி மாட்டற டோ கொக்கி இருக்கே, அது வண்டி நின்னுட்டா கொஞ்ச தூரம் இழுக்கறதுக்கு மட்டும்.

உங்களுக்கு ஏத்தது டோலி, அதாவது லோரி பின்னாடி மாட்டற ரெண்டு சக்கர குட்டி டிரெய்லர். முன்சக்கரம் ரெண்டும் டோலி மேல ஏறிடும், பின்சக்கரம் ரோட்டுல உருளும், மைவி முன்சக்கர டிரைவ்ங்கறதால கியர்பாக்ஸ் சுத்தவே சுத்தாது. ஹேண்ட்பிரேக்கை மட்டும் மறக்காம இறக்கி விடணும், அதைப் போட்டபடியே இழுத்தா பின் பிரேக் ரெண்டும் கருகிடும். முழு காரும் ஏறி நிக்கற டிரெய்லர் இன்னும் பாதுகாப்பு, ஆனா டிரெய்லர் எடையே அரை டன்னுக்கு மேல வரும், அதுல ஒரு பங்கு உங்க வண்டியோட பின் ஆக்ஸில் மேல வேற உக்காரும், போற இடத்துல நிறுத்தவும் இடம் வேணும். 5000 கிலோ வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது எடை. தண்ணி டேங்க், கேஸ், துணிமணி, ஆளுங்க எல்லாம் ஏத்திட்டு மோட்டார்ஹோமை ஒரு தடவை எடை மேடையில நிறுத்துங்க. 4800ன்னு காட்டினா லோரி ஏற்கனவே மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். லோரி கம்பெனி அந்த மாடலுக்கு வண்டியும் இழுவையும் சேர்த்து எவ்வளவு எடை அனுமதிக்குதுன்னு சேசிஸ் நம்பரைக் கொடுத்து டீலர்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. மைவி ஒரு டன், டோலி கால் டன் வச்சுக்கோங்க. லோரி பின்னாடி போடற கொக்கி, அதுல இருக்கற பால் (டோலி வந்து பூட்டற இரும்பு உருண்டை), பின், டோலி எல்லாத்துலயும் ஒரு எடை அச்சடிச்சிருக்கும், அதுல எது கம்மியோ அதுதான் உங்க கணக்கு, 4 டன் டோலியை 1 டன் கொக்கியில மாட்டினா உங்ககிட்ட இருக்கறது 1 டன் செட்தான்.

கொக்கி எங்க பசாங் பண்றாங்கன்னு வண்டிக்கு அடியில படுத்து நீங்களே பாருங்க. மோட்டார்ஹோம் பாடி நீளமா வேணும்னு பின்னாடி சேசிஸை வெல்டிங் பண்ணி நீட்டியிருப்பாங்க. அந்த நீட்டின துண்டுல கொக்கி போடக் கூடாது, லோரியோட ஒரிஜினல் ரெண்டு நீள இரும்புல போல்ட் போட்டு பிடிச்சிருக்கணும். பாலோட சைஸும் மேல அச்சாகி இருக்கும், 50 மில்லியும் 2 இன்ச்சும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா 2 இன்ச்னா 50.8 மில்லி, கலந்து மாட்டினா ஒண்ணு ஆடும், இல்லன்னா சரியா பூட்டாது.

பிரேக்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, நம்ம ஆளுங்க காசை மிச்சம் பிடிக்கறதும் அங்கதான். உங்க லோரி பிரேக் 5 டன்னுக்கு செஞ்சது. பின்னாடி ஒன்னேகால் டன் சேர்ந்தா அதே பிரேக் கால் பங்கு அதிக வேலை செய்யணும். பினாங்குல இருந்து கேஎல் வர்றப்போ கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு அப்புறம் ஈப்போ பக்கம் அந்த நீள இறக்கம் வருமே, அங்க பிரேக்கை மிதிச்சுட்டே இறங்கினா சூடாகி பிடிக்காம போகும். அதனால பிரேக் இல்லாத டோலியை விலை குறைச்சலா கிடைக்குதுன்னு எடுக்காதீங்க. டோலியில ரெண்டு வகை பிரேக் வரும். ஒண்ணு டோலி முன்னாடி தள்ளறப்போ தானே பிடிக்கறது, அது எளிமை, ஆனா நீள இறக்கத்துல தள்ளிட்டே இருக்கறதால விடாம உரசி சூடாகும். இன்னொண்ணு கரண்ட் பிரேக், டிரைவர் பக்கத்துல கண்ட்ரோலர் வச்சு அளவு மாத்தலாம், உங்க ரூட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். எதுவா இருந்தாலும் மேலேயே கியரைக் குறைச்சு எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைக்குழாயை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைக் குறைக்கறது) போட்டு மெதுவா இறங்கணும். செயின் ரெண்டையும் கொக்கிக்கு அடியில குறுக்கா மாட்டுங்க, கழண்டா தானா பிரேக் பிடிக்க வைக்கற கேபிளை மட்டும் செயின்லயோ பால்லயோ மாட்டாம லோரி சேசிஸ்ல தனியா மாட்டுங்க.

வயரிங்ல ஒரு விஷயம். லோரி 24 வோல்ட்டா இருக்கும், பேட்டரி பெட்டியில ரெண்டு பேட்டரியைத் தொடரா இணைச்சிருந்தா அதான். மைவியும் டோலி லைட்டும் பிரேக்கும் 12 வோல்ட். நேரா இணைச்சா பல்பு போயிடும், நடுவுல 24ல இருந்து 12க்கு மாத்தற கன்வெர்ட்டர் போட்டே ஆகணும், பிரேக் இழுக்கற ஆம்பியரையும் சேர்த்து கணக்குப் பார்த்து. மைவியோட சொந்த வயரைத் தொடாம, பின்னாடி காந்தத்துல ஒட்டற லைட் செட் வச்சுக்கறது சுலபம்.

காசு கட்டறதுக்கு முன்னாடி ஜேபிஜேக்கு (சாலைப் போக்குவரத்து இலாகா) நேர்ல போங்க. டோலி படம், லோரி கார்டு, கொக்கி வரைபடம் எல்லாம் காட்டி என்ன அனுமதி, என்ன பதிவு, என்ன சோதனை வேணும்னு எழுத்துல கேளுங்க, இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் அப்படியே. அனுமதி கிடைக்கலன்னா டோலியை விட்டுடுங்க, மகனோ மருமகனோ மைவியை ஓட்டிட்டு பின்னாடி வரட்டும், இல்ல போற ஊர்ல வாடகை கார் எடுங்க.

எல்லாம் சரியா அமைஞ்சா, டோலியோட ரிவர்ஸ் எடுக்க முடியாதுங்கறதை மனசுல வைங்க. பத்து ஃபெரிங்கி கடலோர ரோட்டுலயும் தெலுக் பஹாங் தாண்டி பாலிக் புலாவ் போற வளைவுலயும் மாட்டினா நடு ரோட்டுல காரை இறக்கணும், அதனால அகலமான இடத்துலயே கழட்டிடுங்க. கிளம்பின முதல் ஆர் அண்ட் ஆர்ல (ஹைவே ஓய்விடம்), நீங்க தெற்கே வர்றதா இருந்தா குனோங் செமாங்கோல்ல, நிறுத்தி, மைவி டயரை டோலியோட கட்டற ஸ்ட்ராப்பை மறுபடி இறுக்குங்க, ஓட ஓட அது தளரும். டோலி சக்கர நடுவுல கையைக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா பேரிங்கோ பிரேக்கோ பிடிக்குது, அதோட ஓட்டாதீங்க.